மாதப் பெயர்களும் மதுரையின் வீதியமைப்பும்

கோயில் நகரங்களின் அமைப்பை விளக்கும் ஆய்வுகள் பலவும் மயமதம், மானசாரம் ஆகிய சிற்ப நூல்களிலிருந்தே தொடங்குகின்றன. மானசாரம் கூறும் தண்டகம், நந்தியாவர்த்தம், பதுமகம் முதலிய எட்டு வகைகளுள் ஒன்றில் ஊரைப் பொருத்திவிட்டால் விளக்கம் முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கும் உண்டு. மதுரையைப் பொறுத்தவரை, பரிபாடலின் தாமரை உவமை இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. அதில் நகர் பூவாகவும் தெருக்கள் இதழ்களாகவும் கோயில் பொகுட்டாகவும் உவமிக்கப்படுகின்றன. ஆயினும், சங்க இலக்கியத்தில் ‘கோயில்’ என்னும் சொல் அரசன் மனையையும் குறிக்கும். ஆகவே, இன்றைய மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சூழ்ந்த வீதியமைப்புக்கு அவ்வுவமையை ஐயமற்ற சான்றாகக் கொள்ள இயலாது.

இவ்வகையில் வீதிப் பெயர்கள் கூடுதல் பயன் தருகின்றன. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கப்பால் மாசி வீதிகள் என நான்கு சுற்றுகள் உள்ளன. இவ்வரிசை மாதங்களின் வரிசையன்று. எந்தத் திருவிழாவில் இறைவன் எந்தச் சுற்றில் உலா வந்தார் என்பதே பெயருக்கு அடிப்படை. ஆடி முளைக்கொட்டு விழா ஆடி வீதியிலும், ஆவணி மூல உலா அப்பெயருடைய வீதியிலும் இன்றும் நிகழ்கின்றன.

சித்திரைத் தேரோ மாசி வீதிகளில் ஓடுகிறது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் அழகர் விழாவோடு இணைக்கும் பொருட்டுத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. விழா மாதம் மாறியது. தேர் ஓடும் வீதி மாறவில்லை, அதன் பெயரும் மாறவில்லை. பெயருக்கும் வழக்குக்கும் இடையிலான இம்முரண், நாயக்கர் கால மாற்றத்துக்கு முந்தைய விழா நாட்காட்டியைக் காட்டும் தடயமாகக் கருதத்தக்கது. நூல் வகைப்பாட்டை மட்டும் நோக்குவோர்க்கு இது புலப்படாது. வரைபடத்தில் மாசி வீதி மற்றுமொரு சுற்று மட்டுமே.

மாசி வீதிகளுக்கு அப்பால் இப்பெயர்முறை நின்றுவிடுகிறது. மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் உருவான வெளி வீதிகள் எந்த மாதத்தின் பெயரையும் ஏற்கவில்லை. அவற்றை அடுத்து உட்புறமுள்ள மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கியுள்ளன.