கே1: உலகின் முதல் காரட் எஞ்சின்

வளைவில் நீண்ட எஞ்சின் தடுமாறும். குட்டை எஞ்சினுக்கு இழுவை போதாது. இதற்குத் தீர்வாகப் பொறியாளர் எச். டபிள்யூ. காரட் எஞ்சினையே மூன்றாகப் பிரித்தார். முன்னும் பின்னும் நான்கு நான்கு சக்கரங்கள் கொண்ட இரண்டு வண்டிகள், அவற்றிடையே பாலம்போல் தொங்கும் கொதிகலன். வளைவில் ஒவ்வொரு வண்டியும் தன் அச்சாணியில் தனித்தனியே திரும்பும். முன்வண்டி தண்ணீரையும் பின்வண்டி நிலக்கரியையும் சுமக்கின்றன.

கொதிகலனுக்கு நேர் கீழே குனிந்து பாருங்கள். அங்கே சக்கரமே இல்லை. அதனால்தான் தீயறையை ஆழமாகவும் அகலமாகவும் அமைக்க முடிந்தது. சக்கர வண்டிகள் திரும்பும்போது நீராவி கசியாதிருக்க, குழாய்களில் அசையும் மூட்டுகள் உண்டு. பின்வண்டியின் சிறிய உருளைகளில் உயர் அழுத்தத்தில் வேலை செய்த நீராவி, முன்வண்டியின் பெரிய உருளைகளுக்குப் போய் மறுபடி உழைக்கும்.

மான்செஸ்டரின் பேயர் பீகாக் ஆலை 1909இல் இதைத் தாஸ்மேனியாவின் 2 அடிப் பாதைக்காகக் கட்டியது. ஒரு குறை: உருளைகள் வண்டிகளின் உள்முனையில் இருந்ததால், பின் உருளைகளின் வெப்பம் ஓட்டுநரின் காலடியிலேயே அடித்தது. பின்னாளைய காரட்டுகளில் அவை வெளிமுனைக்கு மாறின. 1947இல் பேயர் பீகாக்கே கே1ஐத் திரும்ப வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது.