பருவம் கண்ட ஜின்

ஜின்னுக்குப் பொதுவாகப் பருவம் கிடையாது. பெரும்பாலும் தானியத்தில் வடித்த சாராயம், காய்ந்த ஜூனிபர், கொத்தமல்லி விதை, ஏலக்காய் என அதன் மூலப்பொருள்கள் எல்லாமே சேமித்து வைக்கக்கூடியவை. எந்த மாதம் வடித்தாலும் ஒரே சுவை வர வேண்டும் என்பதே வடிப்பவரின் குறிக்கோள்.

ஒயின் திராட்சை அதை மாற்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள யாரா பள்ளத்தாக்கு ஒயினுக்குப் பேர்போனது. அங்குள்ள ஃபோர் பில்லர்ஸ் வடிசாலை, 2015இல் 250 கிலோ ஷிராஸ் திராட்சையைத் தன் ஜின்னில் எட்டு வாரம் ஊறவைத்தது. பிறகு பழத்தைப் பிழிந்து, அந்தச் சாற்றில் மேலும் ஜின் கலந்தது. செக்கச்சிவந்த 'பிளடி ஷிராஸ் ஜின்' உருவானது.

இத்தனை வாரம் ஊறியும் திராட்சை ஏன் புளித்து ஒயினாகவில்லை? சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட், ஆல்கஹால் சுமார் 15 சதவீதத்தைத் தாண்டினாலே பெரும்பாலும் செயலிழந்துவிடும். ஜின்னிலோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. அதனால் பழத்தின் சர்க்கரை ஜின்னில் கரைந்தாலும் நொதிப்பதில்லை. இனிப்பு அப்படியே நிற்கிறது. சிவப்பு வருவது தோலிலுள்ள அந்தோசயனின் நிறமியிலிருந்து. அதை ஆல்கஹால் கரைத்தெடுக்கிறது. திராட்சையை வாலையிலிட்டுக் காய்ச்சினால் மணம் மட்டுமே ஆவியோடு மேலேறும். நிறமும் சர்க்கரையும் அடியில் தங்கிவிடும். ஆகவேதான் வடித்து முடித்த ஜின்னில் ஊறவைக்கிறார்கள்.

ஷிராஸுக்கு மிளகு வாசம் உண்டு. அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். நம் சமையலறைக் கருமிளகிலும் இருப்பது இதே சேர்மம்தான். திராட்சையில் இது தோலில் சேர்கிறது. குளிர்ந்த இடங்களில் விளையும் பழத்தில் கூடுதலாக இருக்கும். யாரா அப்படிப்பட்ட குளிர்ப் பகுதி.

திராட்சையை ஜின்னில் சேர்க்கப் பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே உருவான ஜி'வைன் ஜின்னுக்கு அடிப்படைச் சாராயமே உனி பிளாங்க் திராட்சையிலிருந்து வருகிறது. ஆண்டில் சில நாட்களே பூத்திருக்கும் திராட்சைப் பூவையும் அதில் மணத்துக்குச் சேர்க்கிறார்கள்.

இரண்டு வழியிலும் வடிசாலை, தோட்டத்தின் நாட்காட்டிக்குக் கட்டுப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டின் மழையும் வெயிலும் பழத்தை மாற்றும். பழம் மாறினால் ஜின்னும் மாறும். அந்த மாற்றத்தைக் குறையாகக் கருதாமல், விளைச்சல் ஆண்டைச் சொல்லியே பிளடி ஷிராஸை விற்கிறார்கள்.