சில்லு குடிக்கும் தண்ணீர்

மார்சிலிங்கில் ரயிலேறினால் அடுத்த நிலையம் கிராஞ்சி. அங்கே 2003இல் திறக்கப்பட்ட புதுநீர் ஆலைக்கு மூலப்பொருள், வீடுகளில் குளித்து, துவைத்து வெளியேறும் கழிவுநீர்தான். முகம் சுளிக்காதீர்கள்! நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் மூன்றையும் கடந்தபின் அந்நீர் உட்லண்ட்ஸ் சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

சிலிக்கான் வில்லையை மீண்டும் மீண்டும் கழுவுவார்கள். தண்ணீரில் துளி உப்பிருந்தாலும் மின்சுற்று கெடும். குழாய்நீரைவிடப் புதுநீரில் தாது உப்புகள் குறைவு. தொழிற்சாலையில் அதை மேலும் தூய்மையாக்குவது எளிது.

“அரசாங்க ஆதரவு என்றால் மானியம்தானே, சார்?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பொதுப் பயனீட்டுக் கழகம் புதுநீருக்கென்றே பதித்த குழாய்களையும் கணக்கில் சேர்த்துக்கொள் என்றேன். அவை இல்லாவிட்டால் தொழிற்சாலைகள் நம் குடிநீரில்தான் கைவைத்திருக்கும்.