யாக்கையின் இயல்பு

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். எங்கள் சங்கரன்கோயிலின் கோடை வெயிலில் இருவரும் மோர் பருகுகின்றனர். அண்ணன் களைப்பு நீங்கி மகிழ்கின்றான். தம்பியோ நீர்க்கோவையுற்றுத் தும்முகின்றான். இஃது ஏன்?

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் உடலை இயக்குவன என்பது சித்த மருத்துவர் கொள்கை. வாதம், பித்தம், கபம் என நாம் வழங்குவன இவையே. நாடியில் இவை முறையே ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நிற்பின் நலம் என்பர். பிறவியிலேயே ஒன்று மிக்கிருப்பின் உடலும் உள்ளமும் அதற்கேற்ப அமையுமாம். வளி மிக்கார் மெலிந்த மேனியும் நிலையா மனமும் உடையர். அழல் மிக்கார்க்குக் கடும்பசி, இளநரை, முன்கோபம். ஐயம் மிக்கார் திரண்ட உடலினர், பொறுமையினர். இரண்டு கலந்தது தொந்த உடல். மிகப் பலர் இவ்வகையினரே. பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு தோன்றிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இக்கொள்கை இன்றும் கற்பிக்கப்படுகின்றது.

கொரியா நாட்டு மருத்துவர் இ ஜே-மா (1837–1900) மக்களை நால்வகையினராகப் பகுத்தார். நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுள் வலியது எது, மெலியது எது என்பதே அவர் கொண்ட அளவுகோல். கடலிடைப்பட்ட இரு நாட்டாரும் ஆளறிந்து மருந்தளிக்க எண்ணியமை வியப்பே. எனினும், உடலைக் கொண்டு குணத்தை அளக்கும் இப்பகுப்புகளை இன்றைய அறிவியல் முற்றும் ஒப்பவில்லை.

இளமையில் என்னைப் 'பித்த உடம்பன்' என்பர் வீட்டார். அதனையே சாக்காகக் கொண்டு தம்பியிடம் சினந்து திரிந்தேன். ஒருநாள் ஊர் வைத்தியர் என் நாடியைப் பார்த்து நகைத்து, "பித்தந் தணிய நெல்லிக்காய் தருவேன், வாய்த்துடுக்குக்கு என்னிடம் மருந்தில்லையப்பா" என்றார்.