தூக்க மாத்திரை: போடுவதற்கு முன்னாலும் நிறுத்துவதற்கு முன்னாலும்



ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டம். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வந்த ஒரு அக்கா, பேனாவைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். மணி காலை பதினொன்று. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தம் வரை என்கூட வந்தவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இது இல்லாம ரெண்டு வருஷமா தூக்கமே வரல மேடம். முதல்ல அரை போட்டேன், அப்புறம் ஒண்ணு. இப்ப ஒண்ணரை போட்டாலும் பத்த மாட்டேங்குது. இது நல்லதா கெட்டதா?"

அட்டையில் அல்பிரசோலம் என்று இருந்தது. டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டேன். "டாக்டரு பத்து நாளைக்குத்தான் எழுதினாரு. அப்புறம் காலி அட்டையப் பையன்கிட்ட கொடுத்து விடுவேன், மெடிக்கல்ல குடுத்துருவாங்க" என்றார்.

நான் சமூகப் பணி படித்தவள், மருத்துவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு ஒன்றுதான் சொன்னேன்: "இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க அக்கா, முதல்ல டாக்டரைப் பாருங்க." நல்லது என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் குழுவில் யாராவது கடன் கேட்டால் மூணு கேள்வி கேட்போம். எதுக்கு? எவ்வளவு? எத்தனை மாசத்துல கட்டி முடிப்ப? இந்த மூணுக்கும் பதில் இல்லாமல் கடன் தீர்மானம் போடுவதில்லை. தூக்க மாத்திரைக்கும் இதே மூணு கேள்விதான். ஆனால் மூணாவது கேள்வியை, அதாவது எப்போது நிறுத்துவது என்பதை, மாத்திரை வாங்கும் அன்று யாரும் கேட்பதில்லை.

மாத்திரை என்ன செய்கிறது?

நம் மூளையை அமைதிப்படுத்த காபா என்ற இயற்கைப் பொருள் ஒன்று மூளையிலேயே இருக்கிறது. வண்டிக்கு பிரேக் மாதிரி. அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம், நைட்ரசிபாம் போன்ற மாத்திரைகள் இந்த பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்கின்றன. சோல்பிடெம் வேறு வகை என்றாலும் அதுவும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. முதல் சில நாள் நல்ல தூக்கம் வரும், அதை மறுக்க முடியாது. சில வாரத்தில் மூளை இதற்குப் பழகிவிடுகிறது. அரை ஒன்றாகி, ஒன்று ஒன்றரை ஆனது இப்படித்தான்.

பழகின பிறகு திடீரென்று நிறுத்தினால் பிரேக் விட்டுப்போன வண்டி மாதிரிதான். தூக்கம் முன்னைவிட மோசமாகும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு "பாத்தியா, மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்று மறுபடி போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு நாள் தூக்கமின்மை பழைய நோய் இல்லை, மாத்திரை கொடுத்தது. 2020-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றிலும் பழக்கமாகிவிடும் ஆபத்தையும் திடீரென நிறுத்தும் ஆபத்தையும் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக அச்சிட உத்தரவு போட்டது.

அப்படியானால் இந்த மாத்திரையே கூடாதா? அப்படி இல்லை. வீட்டில் ஒரு சாவு, பெரிய அதிர்ச்சி, ஆபரேஷன் என்று வரும்போது டாக்டர் சில நாளைக்கு எழுதிக் கொடுப்பது உதவிதான். பொதுவாக இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். இன்னொன்றும் முக்கியம். குளோனசிபாம், குளோபசாம் போன்றவற்றை வலிப்புக்காகவோ மனநல சிகிச்சைக்காகவோ சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வேளைகூட விட்டுவிடக் கூடாது.

லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு?

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்த 24 ஆய்வுகளை, மொத்தம் 2,417 பேர், ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 13 பேர் மாத்திரை போட்டால் அதனால் கூடுதலாக ஒருவருக்குத்தான் தூக்கம் நன்றாக ஆனது. ஆனால் 6 பேர் போட்டாலே கூடுதலாக ஒருவருக்கு ஏதாவது ஒரு கெடுதல் வந்தது. கூடுதலாகக் கிடைத்த தூக்கம் சராசரியாக ராத்திரிக்கு 25 நிமிடம். நான் இந்தக் கணக்கை இரண்டு தடவை படித்தேன். குழுக் கணக்காக இருந்தால் இப்படி ஒரு தொழிலுக்கு நாம் கடன் கொடுப்போமா?

வயதானவர்களுக்கு வரும் கெடுதலில் பெரியது விழுவது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அம்மாவுக்குத் தூக்கம் இல்லையென்று பக்கத்து வீட்டு அம்மா தன் அட்டையிலிருந்து நாலு மாத்திரை பிய்த்துக் கொடுத்திருக்கிறார், நல்ல மனசோடுதான். மூணாவது ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்த அம்மா வாசப்படியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் அப்போது ஊர் ஊராகச் சுகாதார விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டில் என்ன மாத்திரை இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

வயது கூடக்கூட டயசிபாம் போன்றவை உடம்பை விட்டுப் போக நாள்கணக்கில் ஆகும். ராத்திரி போட்டது மறுநாள் களை எடுக்கும்போதும் இருக்கும், அடுப்புப் பக்கத்தில் நிற்கும்போதும் இருக்கும். பெண்கள் உடம்பு சோல்பிடெமை ஆண்களைவிட மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. அதனால்தான் 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்கு அதன் ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாராயம் குடிக்கிற ஆண்கள் இந்த மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். டிரமடால் மாதிரி வலி மாத்திரையோடு சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் போடவே கூடாது. "இது வெறும் சளி மாத்திரைதான்" என்று தூக்கத்துக்காக அவில் போடுவதும் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும், சிறுநீர் அடைப்பையும் தரும்.

சட்டமும் இருக்கிறது. 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் எல்லாம் எச்-1 பட்டியலில் வருகின்றன. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். காலி அட்டை சீட்டு ஆகாது.

எதுக்குத் தூக்கம் வரவில்லை?

முதல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன், ஏனென்றால் இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். வாரத்தில் மூணு ராத்திரிக்கு மேல் தூக்கம் கெட்டு, மூணு மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்குக் காரணம் ஒவ்வொருவருக்கும் ஒன்று.

"படுத்தா கால் குடையுது, யாராவது மிதிச்சு விட்டாத் தேவலை" என்று சொல்கிற பெண்கள் நம் குழுக்களில் எத்தனை பேர்! உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி வரும். அதற்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை. ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே கேட்கலாம். மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பு குப்பென்று சூடாகி வேர்த்து விழிப்பு வரும், அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. விடியற்காலை மூணு மணிக்கே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டெலி மானஸ் 14416-க்குக் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் தூக்கம் கெடும், அது போதை மட்டுமில்லை, விழிப்பும் தரும் பொருள்.

இன்னும் சில காரணங்களுக்கு மாத்திரையும் இல்லை, பரிசோதனையும் இல்லை. வாரத் தவணைக்காரர் காலையில் வாசலில் வந்து நிற்பார் என்றால் யாருக்குத் தூக்கம் வரும்? குடித்துவிட்டு வருகிற மனுஷன் எப்போது கதவைத் தட்டுவானோ என்று காது கொடுத்துப் படுத்திருப்பவள் தூங்கினால் அவளுக்குத்தான் ஆபத்து. அவளுக்கு மாத்திரை கொடுப்பது நியாயமே இல்லை. அடி, மிரட்டல் இருந்தால் 181. கடன் தொல்லை என்றால் குழுவில் வாய் திறந்து சொல்லுங்கள், அதற்குத்தானே குழு.

மருந்தில்லாத வழி

2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரை இல்லை, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று பரிந்துரை செய்தது. அதில் முக்கியமான ஒன்று நமக்கு விசித்திரமாகத் தெரியும்: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கணும். நம் அக்கா எட்டரைக்கே படுத்து ஐந்து மணி வரை புரளுவார், தூங்குவது ஐந்து மணி நேரம். பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் போதும், பகலில் தூங்கக் கூடாது என்றார் டாக்டர். தூக்கம் கூடக்கூட நேரத்தையும் கூட்டலாம். இருபது நிமிடம் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும். ஒரே அறையில் அஞ்சு பேர் படுத்திருக்கும் வீட்டில் எழுந்து எங்கே போவது என்று நானே கேட்டேன். பாயை விட்டு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும், படுத்துக்கொண்டு கவலைப்படாமல் இருப்பதுதான் விஷயம் என்றார். முதல் இரண்டு வாரம் பகலில் அசதியாக இருக்கும், வண்டி ஓட்டுவதில் கவனம் வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே பழகிப்போனவர்கள் விட முடியுமா? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நாள்பட இந்த மாத்திரை சாப்பிட்டுவந்த வயதானவர்களுக்கு, அதன் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கி ஒரு சின்னப் புத்தகம் தபாலில் அனுப்பினார்கள். 2014-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் 100-க்கு 27 பேர் முழுசாக விட்டிருந்தார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் 5 பேர்தான். வெறும் படித்துப் பார்த்ததற்கே இவ்வளவு!

குறைப்பது டாக்டர் சொல்லும் அளவில், மெதுவாக, பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். அந்த அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பார்த்தார். ஒண்ணரையிலிருந்து இப்போது அரைக்கு வந்திருக்கிறார். நடுவில் ஒரு மாதம் தாங்க முடியாமல் குறைப்பதை நிறுத்தி வைத்தார்கள், அதுவும் டாக்டர் சொல்லித்தான். போன வாரம் போன் செய்தேன். "ரெண்டு நாளா சரியாத் தூக்கமில்ல மேடம், ஒண்ணரை மணிக்கு எந்திரிச்சு உக்காந்து பூ கட்டிட்டேன்" என்றார். ஆனால் கூட்டத்தில் கண் அசருவதில்லை. இந்த மாதத் தீர்மானம் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியர் வருகிறார். வீட்டில் பானைக்கு அடியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும் வைத்திருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மாமியார், அம்மா சாப்பிடுவதையும் சேர்த்து. எது எதற்கு என்று அவர் பார்த்துச் சொல்வார். தனியாகக் கேட்க நினைப்பவர்கள் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வாருங்கள்.