சிறுமலரின் தாய்மாமன்

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருவுருவப் படம் இல்லாத கத்தோலிக்க இல்லங்கள் நம்மிடையே மிகச் சிலவே. சிலுவையையும் ரோசா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அந்த இளந்துறவியை நம் பிள்ளைகளும் இனங்கண்டு கொள்வர். அவரின் பெற்றோர் லூயி, செலி மார்ட்டின் தம்பதியர் 2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆம் திகதி புனிதர்களாக உயர்த்தப்பட்டதையும் நாம் அறிவோம். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அக்குடும்பத்தின் பாரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தோளிலே சுமந்த ஒருவரைப் பற்றி நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். அவர் செலியின் தம்பி; தெரேசாவின் தாய்மாமன். பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலுள்ள லிசியூ என்ற சிறு நகரிலே மருந்தகம் நடத்திய இசிதோர் கெரேன் என்பவரே அவர்.

1841 இல் பிறந்த இசிதோர், இளமையில் பக்திமானாக விளங்கியவர் அல்லர். படிப்பதற்காகப் பாரிஸ் மாநகர் சென்றவரை அந்நகரின் கேளிக்கைகள் கவர்ந்தன. ஊரிலிருந்த அக்கா செலிக்கோ அது தீராத கவலை. தம்பிக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அங்குள்ள வெற்றி அன்னை ஆலயத்துக்குள் நாளுக்கு ஒரு தடவையேனும் நுழைந்து, ஒரேயொரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுப் போகும்படி 1863 ஆம் ஆண்டுப் பிறப்பன்று எழுதினார். முழுச் செபமாலையை அவர் கேட்கவில்லை. இருபத்திரண்டு வயது இளைஞனிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதை அந்த அக்கா நன்கு அறிந்திருந்தார் போலும்!

1866 இல் இசிதோர் லிசியூவின் புனித பேதுரு ஆலயத்தை அடுத்திருந்த மருந்தகத்தை வாங்கினார். அதன் முன்னைய உரிமையாளரின் மகளையே அவ்வாண்டில் மணமுடித்தார். ஜான், மரி என இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். 1871 இல் பிறந்த ஆண் மகவு உயிரோடு பிறக்கவில்லை. மருந்துப் பொருட்களை மொத்தமாக விற்பதற்கென அவர் அமைத்த களஞ்சியம் 1873 இல் தீக்கு இரையாயிற்று. இத்தகைய இழப்புகளின் நடுவிலேயே அவரின் விசுவாசம் வேரூன்றியது. நம் பங்குகளில் நாம் நன்கறிந்த புனித வின்சென்ட் டி போல் சபை லிசியூவில் உருவானபோது அதை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். இரவு நேர நற்கருணை ஆராதனையை அங்கு தொடக்கி வைப்பதிலும் முன்னின்றார். பங்கு நிர்வாக சபையிலும் இடம்பெற்றிருந்தார்.

ஊராரின் நோய்க்கு மருந்து கொடுத்த இம்மனிதருக்குத் தம் சொந்தக் குடும்பத்தின் நோய்களுக்கு மட்டும் மருந்து கிட்டவே இல்லை.

இசிதோர் இன்னும் மாணவராயிருந்த 1865 இலேயே, தம் மார்பிலே ஒரு கட்டி தோன்றி நோவு கொடுப்பதாகச் செலி அவருக்கு எழுதியிருந்தார். அது அப்போது அப்படியே விடப்பட்டது. பதினொரு ஆண்டுகளின் பின், 1876 டிசெம்பரில், நோய் முற்றிய நிலையில் அவர் லிசியூவுக்கு வந்து தம்பி ஏற்பாடு செய்த சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். காலம் கடந்துவிட்டது, இனி வெட்டி அகற்றுவதில் பயனில்லை என்பதே கிடைத்த பதில். 1877 ஓகஸ்ட் 28 ஆம் திகதி செலி மரித்தார். முந்திய நாள் மாலையிலே தம்பியும் அவரின் மனைவியும் வந்து சேர்ந்தபோது அவரால் பேச இயலவில்லை. தம்பியின் மனைவியை நெடுநேரம் உற்றுப் பார்த்தாராம். அப்பார்வையின் பொருளை அங்கு நின்ற எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாயற்றுப் போன ஐந்து பெண்பிள்ளைகளுள் மூத்தவளுக்கு வயது 17. இளையவள் தெரேசாவுக்கு நான்கு.

தாய்மாமனுக்கு நம் மரபில் என்ன இடம் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிரெஞ்சுச் சட்டமும் இங்கு அவரைப் பிள்ளைகளின் துணைப் பாதுகாவலராக நியமித்தது. ஆனால் சட்டம் கேட்டதற்கும் மேலாக அவர் செய்தார். லிசியூ முழுவதும் அலைந்து, தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, அத்தானையும் பிள்ளைகளையும் அலென்சோன் நகரிலிருந்து வரவழைத்தார். இன்று யாத்திரிகர்கள் தரிசிக்கும் 'புயிசொனே' இல்லம் அதுவே.

தெரேசா தம் சுயசரிதையிலே மாமாவைப் பற்றிச் சொல்லும் செய்திகள் சுவையானவை. அவர் தம்மை முழங்காலில் இருத்தி, கொடியவன் ஒருவனைப் பற்றிய 'நீலத்தாடி'ப் பாட்டைப் பயங்கரமான குரலிலே பாடும்போது சிறுமிக்கு நடுக்கம் எடுக்குமாம்! மாமா பெரியவர்களோடு பேசுவதைக் கேட்பது பிடிக்கும். தம்மைத் தனியே கேள்வி கேட்பதுதான் பிடிக்காது. ஆயினும் ஞாயிறு திருப்பலியில் பிரசங்கம் கேட்கத் தந்தையின் கையைப் பற்றி அவள் முன்னே வரும்போது, நிர்வாக சபையினரின் இருக்கையில் அமர்ந்திருக்கும் மாமாவின் முகம் மலரும்; அவளை ஒரு சிறு சூரியக் கதிர் என்று அழைப்பாராம்.

1883 உயிர்த்த ஞாயிறன்று, தந்தை பாரிஸ் சென்றிருந்த வேளை, மாமா பத்து வயதுத் தெரேசாவிடம் இறந்துபோன தாயைப் பற்றிப் பேசினார். சிறுமி தேம்பித் தேம்பி அழுதாள். அன்றிரவே கடும் நடுக்கத்தோடு விசித்திர நோய் ஒன்று கண்டது. மருந்தகத்திலிருந்த எந்தக் குப்பியும் உதவவில்லை. தந்தை பாரிஸிலுள்ள வெற்றி அன்னை ஆலயத்தில் ஒன்பது நாள் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். ஆம், செலி தம் தம்பியை நுழைந்துவரச் சொன்ன அதே ஆலயம்தான். மே 13 ஆம் திகதி, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, கட்டிலருகே இருந்த மாதா சுரூபம் தன்னை நோக்கிப் புன்னகைத்ததாகத் தெரேசா கண்டாள், குணமடைந்தாள்.

1887 இல் தெரேசா பதினைந்து வயதிலேயே கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டபோது, மறுத்தவரும் இம்மாமாவே. அவர் சொன்ன காரணங்களை நாமும் சொல்லியிருப்போம்: பிள்ளைக்கு வயது போதாது, உலகம் என்ன சொல்லும், இது மனித விவேகத்துக்கு ஒவ்வாதது. ஓர் அற்புதம் நிகழ்ந்தாலன்றித் தம் மனம் மாறாது என்றார். இரு கிழமைகளின் பின், ஒக்டோபர் 22 ஆம் திகதி, அற்புதம் தேவையில்லை என்றார். தம் உள்ளத்தைத் திருப்பும்படி ஆண்டவரிடம் கேட்டதாகவும், அது கேட்கப்பட்டதாகவும் கூறினார். ஆண்டவர் பறித்துக்கொள்ள விரும்பும் சிறுமலர் என்று தெரேசாவைச் சொல்லி அணைத்துக்கொண்டார். அவரை உலகம் பின்னர் எப்பெயரால் அழைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

1888 இல் உறவினர் வழி வந்த பெரும் சொத்தினால் இசிதோர் மருந்தகத்தை விற்று ஓய்வு பெற்றார். ஓய்வு பெயரளவில்தான். அடுத்த ஆண்டிலேயே அத்தான் லூயியின் மனம் பேதலித்தது. வீட்டுக்கு ஆபத்து வருவதாக எண்ணி அவர் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார். 1889 பெப்ரவரி 12 ஆம் திகதி, இசிதோரின் ஏற்பாட்டில், கான் நகர மனநோய் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். மகள்கள் துறவறம் சென்றதே காரணம் என்று ஊர் பேசியது. தாம் மதித்த மனிதரைத் தாமே அங்கு அனுப்பவேண்டியிருந்ததை விடக் கசப்பான மருந்தை இசிதோர் வேறெவருக்கும் கலந்து கொடுத்திருக்கமாட்டார். மூன்றாண்டுகளின் பின், 1892 மே 10 ஆம் திகதி, கால்கள் செயலிழந்து, பேச்சும் மங்கிய லூயியை அவரே லிசியூவுக்கு அழைத்துவந்தார். 1894 ஜூலை 29 ஆம் திகதி இசிதோரின் கிராமத்து மாளிகையிலேயே லூயியின் உயிர் பிரிந்தது.

இக்காலத்தில் அவர் உள்ளூர்க் கத்தோலிக்கப் பத்திரிகையிலும் எழுதினார். திருச்சபையின் அரசியல் எதிரிகளை நோக்கி அவரின் பேனா கடுமையாகவே பாய்ந்தது. வீட்டில் இருந்த கனிவை அக்கட்டுரைகளில் தேடக்கூடாது.

அவரின் இளைய மகள் மரியும் 1895 இல் அதே மடத்தில் சேர்ந்தாள். 1897 இல் தெரேசா காசநோயால் மெல்ல மெல்ல மாய்ந்தபோது, காய்ச்சலின் அளவையும் இரத்த வாந்தியையும் மரி தந்தைக்கு எழுதியனுப்பினாள். நோயின் போக்கை வரி வரியாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு அக்கடிதங்கள் எப்படி இருந்திருக்கும்! லிசியூ மயானத்தில் கார்மேல் துறவிகளுக்கென அவர் நிலம் வாங்கிக் கொடுத்திருந்தார். அதிலே முதலில் அடக்கம் செய்யப்பட்டவர் தெரேசாவே.

மறு ஆண்டு அச்சகத்தாரோடு பேசி, அச்சுப் படிகளைத் திருத்தி, செலவையும் தாமே ஏற்று, மருமகளின் சுயசரிதையை அவர் வெளிக்கொணர்ந்தார். 1898 செப்டெம்பர் 30 ஆம் திகதி வெளியான அந்நூலின் முதற்பதிப்பு 2000 பிரதிகள். 'ஓர் ஆன்மாவின் வரலாறு' இன்று உலக மொழிகள் பலவற்றில் வாசிக்கப்படுகிறது.

1900 இல் மனைவியும், 1905 இல் காசநோயால் மகள் மரியும் அவருக்கு முன்னே சென்றனர். தெரேசாவின் பன்னிரண்டாவது நினைவு நாளுக்கு இரு தினங்கள் முன்பு, 1909 செப்டெம்பர் 28 ஆம் திகதி, இசிதோர் கண்மூடினார். புனிதர் பட்டத்துக்கான விசாரணை மறு ஆண்டுதான் தொடங்கியது. அக்குடும்பத்திலிருந்து சாட்சி சொல்ல மூத்த மகள் ஜான் சென்றாள்.