ராத்திரியில் கரண்ட் குடிப்பது யார்?

கண்டியில் காரை இறக்கம் பார்த்து நிறுத்துவது பழைய வழக்கம். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் செக்கன்ட் கியரில் போட்டு உருட்டினால், அம்பிட்டிய இறக்கம் முடியுமுன் இஞ்சின் பிடித்துவிடும். ஒட்டோ கியர் வந்தபின் அந்த வித்தை செல்லாது. ஹைப்ரிட்காரர்களும் சிரிக்க வேண்டாம். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் செத்தால் கார் விழிக்காது. உடனே புதுப் பற்றரிதான் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள் என்பது என் கட்சி. சிறிய காரில் இருப்பது ஏறக்குறைய 40 அம்பியர் மணி பற்றரி. பூட்டி நிறுத்திய கார் 50 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. டிக்கியில் அணையாமல் கிடக்கும் 5 வாட் பல்ப்கூட ஒரு இரவில் குடிப்பது 4 அம்பியர் மணிதான். நல்ல பற்றரி அதைப் பொருட்படுத்தாது. ஒரே இரவில் சாகிறதென்றால் பற்றரி ஏற்கெனவே நொந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவோ பெரிதாகக் குடிக்கிறது.

எது என்று அறிய ஒரு மீற்றர் போதும். காரை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையிலும் அதே அளவு நின்றால் கோளாறு காரில். கழற்றியும் 12க்கு இறங்கினால் பற்றரியில்.

காரில் என்றால், மீற்றரின் 10 அம்பியர் துளையைப் பயன்படுத்தி, கழற்றிய கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் கோர்த்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் பொறுங்கள். உள்ளிருக்கும் கம்பியூட்டர்கள் அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பொறுமையில்லாதவர் ஏமாறுவது இங்கேதான். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எதற்கும் விழாவிட்டால் ஒல்டர்னேட்டர் டயோட்டைச் சந்தேகியுங்கள். மீற்றர் கோர்த்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

என் சந்தேகம் முதலில் போவது பிறகு பூட்டிய சாமான்கள் மேல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரையே அலங்கரித்தோம்: ஆண்ட்ராய்ட் செட், டாஷ் கேமரா, அலாரம், ஜீபிஎஸ். சாவியோடு அணைய வேண்டியதை எப்போதும் கரண்ட் ஓடும் வயரில் செருகி, டேப் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். 0.4 அம்பியர் இழுக்கும் கேமரா இரண்டு நாளில் பாதிப் பற்றரியைக் காலி செய்யும். செத்த பற்றரியை மாற்றிக்கொள்ளலாம். பியூஸ் போடாத வயர் தகட்டில் உராய்ந்து ஷோர்ட் ஆனால் காரே எரியும். பற்றரியைவிட எனக்கு இதுதான் பயம்.

பேராதனை வீதி நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால் சார்ஜ் ஏறாது என்பது பற்றரிக் கடைக்காரர் வாதம். அதிலும் உண்மை உண்டு.

அடுத்த முறை எதையாவது பூட்டக் கொடுத்தால், எந்த வயரிலிருந்து எடுத்தீர்கள், பியூஸ் எங்கே என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.